சுருட்டை முடியை நேராக்கும் முன்: புட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும்

எங்கள் தெருமுனை பார்லரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங், கெரட்டின், ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா, சிஸ்டைன். ஏழு பெயர், ஏழு விலை. முதன்முதலில் பார்த்தபோது ஏழும் ஏழு வேலை என்றே நினைத்தேன். அங்கிருந்த பெண்ணிடம் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

“அது நல்லா வரும்க்கா. இது அதைவிட நல்லா வரும்க்கா.”

அவள் மேல் தப்பில்லை. அவளுக்கும் அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பார்த்ததில் தெரிந்தது, அந்த ஏழு பெயருக்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டே வகை வேதியியல்தான். டப்பாவின் முன்பக்கத்தை எழுதுவது விற்பவர். பின்பக்கம் சட்டம் எழுதச் சொல்வது. நம் ஊர் அழகுசாதன விதிப்படி, 1 சதவீதத்துக்கு மேல் கலந்த பொருட்களை அளவு அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும். அதற்குக் குறைவானவற்றை எந்த வரிசையிலும் போடலாம். முன்பக்கத்தில் பெரிதாக ‘ஆர்கன் ஆயில்’ என்று போட்டுவிட்டு, பின்பக்கத்தில் வாசனைத் திரவியத்துக்கும் கீழே அதை ஒளித்து வைத்திருந்தால், அந்தப் புட்டியில் ஆர்கன் எண்ணெய் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சுருட்டை முடியை மிருதுவாக்கவோ நேராக்கவோ முதல் முறையாக இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். “சுருட்டை முடி சோறு போடும்” என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார் என் பாட்டி. பள்ளியில் அதையே குருவிக்கூடு என்றார்கள். ஆகவே நேராக்குவது சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. செய்வதென்றால் எந்த வரிசையில், எதைப் பார்த்துச் செய்வது என்பது மட்டும்தான் இங்கே.

முதல் படி: கடைக்குப் போகும் முன் உங்கள் முடி

தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய், சீரம் எதுவும் போடாமல் காயவிடுங்கள். காய்ந்ததும் பின்னந்தலையில் ஒரு கற்றை, நெற்றியோரம் ஒரு கற்றை எடுத்துப் பாருங்கள். கடல் அலைபோல் வளைந்து வளைந்து இறங்கினால் அலைமுடி. விரலைச் சுற்றும் ஸ்பிரிங்போல் இருந்தால் சுருட்டை. பேனா ரீஃபிலைச் சுற்றும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் அடர்சுருள். சாமான்களின் மேல் 2சி, 3ஏ என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான். 2 அலை, 3 சுருட்டை, 4 அடர்சுருள். நம்மில் பலருக்கு ஒரே தலையில் இரண்டு வகை இருக்கும். எனக்குப் பின்பக்கம் வெறும் அலை, நெற்றியோரம் மட்டும் முறுக்கு. இது தெரியாமல் தலை முழுக்க ஒரே மருந்தை ஒரே நேரம் வைத்தால் பின்பக்கம் வெந்துபோகும், முன்பக்கம் அப்படியே நிற்கும்.

அடுத்து, உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே உருட்டுங்கள். ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால் மெல்லிய முடி. தையல் நூல்போல் நெருடினால் தடித்த முடி. அதே முடியைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நீளத்துக்கு வந்தால் நல்ல முடி. இழுத்த வேகத்தில் பட்டென்று அறுந்தாலோ, பழைய ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு அப்படியே தொங்கினாலோ பார்லர் மருந்தை மறந்துவிடுங்கள். மூன்று நான்கு மாதம் கண்டிஷனரும் நுனி வெட்டுவதும் மட்டும்தான் அந்த முடிக்கு.

கடைசியாக, முடியின் வரலாறு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். முதுகின் பாதிவரை முடி இருந்தால் நுனிக்கு நான்கு வயதுக்கு மேல் ஆகியிருக்கும். மூன்று தீபாவளிக்கு முன்னால் அடித்த டை உங்களுக்கு மறந்திருக்கலாம், முடியில் அது அப்படியே இருக்கிறது. டை, ஹென்னா, பழைய ஸ்ட்ரெய்ட்டனிங் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பார்லரில் இந்தத் தாள் உதவும்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால்

கஞ்சி போட்ட பருத்திச் சேலையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு மழையில் நனைந்தால் என்ன ஆகும்? மடிப்பு கலைந்து சுருங்கும். முடியிலும் இதே கதைதான். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளை ஒன்றோடொன்று முக்கியமாக இரண்டு விதமான பூட்டு பிடித்து வைத்திருக்கிறது. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டாலே திறந்துகொள்ளும், காய்ந்ததும் எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மூடிக்கொள்ளும். டிரையரும் அயர்னும் வேலை செய்வது இந்தப் பூட்டில்தான். அதனால்தான் காலையில் இழுத்து நேராக்கிய முடி, ஐப்பசி மாதத்துச் சென்னைக் காற்றில் பஸ் ஸ்டாப் வருவதற்குள் பறட்டையாகிறது. காற்றில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும்.

இரண்டாவது கந்தகப் பூட்டு. டைசல்ஃபைடு பிணைப்பு என்பார்கள். இது தண்ணீருக்கோ, வீட்டில் வைக்கும் சூட்டுக்கோ அசையாது. இதைத் திறக்க ரசாயனம் வேண்டும்.

இனி எந்தச் சாமானைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: இது எந்தப் பூட்டைத் தொடுகிறது? ஷாம்பு, கண்டிஷனர், சீரம் ஆகிய மூன்றும் இரண்டாவது பூட்டின் பக்கமே போவதில்லை. ‘ஸ்ட்ரெய்ட்டனிங் ஷாம்பு’ என்று புட்டியில் போட்டிருந்தாலும் அது முடியை நேராக்காது. பறட்டையை அடக்கும், பளபளப்பாக்கும். அதுவும் சின்ன விஷயமில்லை. பலருக்கு உண்மையில் வேண்டியது அவ்வளவுதான், அது தெரியாமல் பல ஆயிரம் கொடுத்து ரீபாண்டிங் செய்துகொள்கிறார்கள். எனவே பார்லருக்கு முன் அடுத்த படியை ஒரு இரண்டு மாதம் செய்து பாருங்கள்.

இரண்டாம் படி: தலைக்குக் குளிக்கும் நாள்

எண்ணெய் வைக்கிற வழக்கம் இருந்தால் விட வேண்டாம். தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் இறங்கும். குளிக்கும்போது முடி ஊறி உப்பிப் புரதம் கழிந்து போவதை அது குறைக்கிறது என்று 2003இல் வந்த ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் தெரியவில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவினால் போதும்.

ஷாம்பு மண்டைத் தோலுக்கு மட்டும். கற்றையைச் சுருட்டி உச்சியில் வைத்துத் துணி கசக்குவதுபோல் கசக்கினால் சுருட்டை முடியில் சிக்கு நிச்சயம். வேரில் தேய்த்துவிட்டு அலசும்போது வழிந்துவரும் நுரையே நுனிக்குப் போதும். வாரம் இரண்டு முறைக்கு மேல் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. பின்பக்கத்தில் சோடியம் லாரில் சல்ஃபேட் முதல் இரண்டு மூன்று பெயருக்குள் இருந்தால் அது எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க உரித்தெடுக்கும். எண்ணெய் வைத்த அன்றைக்கு அது தேவைப்படலாம். மற்றக் குளியலுக்கு மிதமானது எடுங்கள். சீயக்காய் பற்றிக் கேட்பீர்கள். நன்றாகத்தான் சுத்தம் செய்யும், ஆனால் கொரகொரப்பான பொடி சுருளுக்குள் சிக்கிக்கொண்டு அலச அலச வரும். பொடியை அப்படியே போடாமல், கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீராகப் பயன்படுத்தினால் பிழைத்தீர்கள்.

வீட்டில் போர் தண்ணீர் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. பக்கெட் விளிம்பிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் முடியிலும் படிகிறது. எவ்வளவு விலையான கண்டிஷனர் போட்டாலும் முடி நார்போல் இருக்கிறதென்றால் குற்றவாளி பல நேரம் தண்ணீர்தான். மாதம் ஒரு முறை, பின்பக்கத்தில் ஈடிடிஏ என்று போட்டிருக்கும், படிவை உரித்தெடுக்கும் கிளாரிஃபையிங் ஷாம்பு ஒன்றால் அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர் எடுத்துவைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

கண்டிஷனர்தான் இந்தப் படியின் கதாநாயகன். அடிபட்ட முடியின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கும். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்றவற்றில் நேர்மின்னேற்றம். ஆகவே எங்கே அடி அதிகமோ அங்கே போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்று பார்த்துப் பயந்து புட்டியைத் திரும்ப வைத்துவிடாதீர்கள். அவை கொழுப்பு வகை ஆல்கஹால், முடியை வழவழப்பாக்குபவை. முடியை உலர்த்துவது ‘ஆல்கஹால் டீநேச்சர்ட்’, ‘ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்’ என்று போட்டிருப்பவை.

எப்படிப் போடுவது? ஈரத்தை லேசாகப் பிழிந்துவிட்டு, காது மட்டத்திலிருந்து நுனிவரை தாராளமாகத் தடவுங்கள். மண்டைத் தோலில் வேண்டாம். கண்டிஷனர் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். சுருட்டை முடியைச் சீவ ஏற்ற நேரம் இது ஒன்றுதான். காய்ந்த பிறகு சீவினால் சுருள் பிரிந்து பஞ்சுமிட்டாயாகிவிடும். மூன்று நிமிடம் கழித்து அலசுங்கள். முடி கையில் வழுக்கும்போதே நிறுத்திவிடலாம், கீச்சுக்கீச்சென்று ஒலி வரும்வரை அலச வேண்டியதில்லை.

பிறகு துடைப்பது. நம் வீடுகளில் தலைமுடியை முன்னால் போட்டுத் துண்டால் பட்பட்டென்று அடித்து ஈரம் உதறுவோமே, சுருட்டை முடிக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. பழைய ஈரிழைத் துண்டு ஒன்றை எடுத்து, கற்றை கற்றையாக அழுத்தி ஈரத்தை ஒற்றுங்கள். டர்க்கி டவலின் சுருள் நூல் முடியைப் பிடித்து இழுக்கும், ஈரிழைத் துண்டு இழுக்காது. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே பறட்டை பாதியாகக் குறைந்தது எனக்கு.

முடி ஈரமாக இருக்கும்போதே பத்து ரூபாய் நாணயம் அளவு லீவ்-இன் கிரீம் (அலசாமல் அப்படியே விடுவது), அதன் மேல் இரண்டு மூன்று சொட்டு சீரம். லிவான், ஸ்ட்ரீக்ஸ் என்று நம் கடைகளில் கிடைக்கும் சீரம்களில் பெரும்பங்கு சிலிக்கோன். ‘கோன்’ என்று முடியும் பெயர்களும், ‘சிலாக்சேன்’ என்று முடியும் பெயர்களும் அதுதான். சிலிக்கோன் கெட்டது என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. காற்றின் ஈரம் முடிக்குள் புகாமல் மேலே மெல்லிய போர்வையாக நிற்பது அது, கடலோர ஊர்க்காரர்களுக்கு அது இல்லாமல் பிழைப்பு ஓடாது. டைமெத்திகோன் தண்ணீரில் கரையாது, நாளாக நாளாகப் படியும். மேலே சொன்ன மாதாந்தர அலசல் அதற்கும் சேர்த்துத்தான். மாறாக, கிளிசரின் பட்டியலின் மேல்வரிசையில் இருக்கும் லீவ்-இன்னை மழைக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள். காற்றில் உள்ள ஈரத்தை அது முடிக்குள் இழுத்துவரும்.

ஆளிவிதை ஜெல் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு மேசைக்கரண்டி விதை, இரண்டு டம்ளர் தண்ணீர். கரண்டியிலிருந்து முட்டை வெள்ளைக்கருபோல் நூல் நூலாக இறங்கும்வரை கொதிக்கவிட்டு, ஆறுவதற்குள் வடிகட்டுங்கள். ஆறிவிட்டால் வடியாது, பாத்திரத்தோடு போராட வேண்டியதுதான். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். சுருளைக் கட்டுக்குள் வைக்கும், நேராக்காது. வெந்தயம், கற்றாழை, செம்பருத்தி இலை எல்லாம் இதே கணக்குதான்.

எதை வாங்கினாலும் முதலில் சாஷே கிடைக்கிறதா பாருங்கள். 1983இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்புதான் இந்தச் சின்னப் பாக்கெட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது. முழுப் புட்டி வாங்கி ஏமாறாமல் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு இன்னும் வரவில்லை. இரண்டு மூன்று குளியலுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் புட்டிக்குப் போகலாம்.

மூன்றாம் படி: சூடு

அதற்கு முன், சூடே இல்லாத வழி ஒன்று. முடி முக்கால்வாசி காய்ந்ததும் சிக்கில்லாமல் சீவி, தலையைச் சுற்றி ஒரே திசையில் தலைப்பாகைபோல் ஒட்டச் சுற்றி, பின் குத்தி, மேலே வழுவழுப்பான ஸ்கார்ஃப் கட்டிப் படுத்துவிடுங்கள். காலையில் அவிழ்த்தால் சுருள் பாதி நீண்டிருக்கும். ஹைட்ரஜன் பூட்டு, தலையின் வளைவில் காய்ந்து மூடிக்கொண்டதன் பலன்.

அயர்ன் வாங்குவதென்றால் வெப்பநிலை எண்ணாகக் காட்டுவதை மட்டும் வாங்குங்கள். ‘லோ, ஹை’ என்று இரண்டே புள்ளி இருப்பதில், எத்தனை டிகிரியில் சுடுகிறது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மெல்லிய முடிக்கு 150 டிகிரி செல்சியஸ், தடித்த முடிக்கு 180. அதற்கு மேல் வீட்டில் தேவையில்லை. சூட்டிலிருந்து முடியைக் காக்கும் ஹீட் புரொடெக்டன்ட் ஸ்ப்ரே அடித்து, அதுவும் காய்ந்த பிறகு, இரண்டு விரல் அகலக் கற்றையாக எடுத்து, வேரிலிருந்து ஒரு விரற்கடை விட்டு, ஒரே சீரான வேகத்தில் ஒரு முறை இழுங்கள். மெதுவாக ஒரு தடவை இழுப்பது, அவசரமாக ஐந்து தடவை இழுப்பதைவிட மேல்.

என் முதல் அயர்ன் அனுபவத்தையும் சொல்கிறேன். ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பும் அவசரம். முடி தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தது, உள்ளே ஈரம். அயர்னை வைத்ததும் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. ஆவி வேறு வந்தது. ஸ்ப்ரேயின் ஆவி என்று நினைத்துத் தலை முழுக்க முடித்தேன். அன்று இரவு அழகாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் முன்பக்கக் கற்றைகள் பாதி நீளத்தில் ஒடிந்து விழத் தொடங்கின. முடிக்குள் இருந்த தண்ணீர் கொதித்து, உள்ளுக்குள்ளேயே குமிழியாக வெடித்த முடி அது. ஒடிந்த நுனியை வெளிச்சத்தில் பிடித்தால் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இதற்கு மருந்து கிடையாது, வெட்டத்தான் வேண்டும். ஆகவே அயர்னுக்கு முன் முடி முழுக்கக் காய வேண்டும். எண்ணெய் வைத்த முடியில் அயர்ன் வைப்பவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பஜ்ஜி எப்படி வேகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

நான்காம் படி: பார்லர் மருந்து, முதல் குடும்பம்

ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெய்ட்டனிங், ரீபாண்டிங் மூன்றும் ஒரே குடும்பம். வீரியத்திலும் அயர்ன் போடும் கறாரிலும்தான் வேறுபாடு. பின்பக்கத்தில் அம்மோனியம் தயோகிளைக்கோலேட் என்று இருக்கும். லோரியல் எக்ஸ்டென்சோ, மேட்ரிக்ஸ் வகையறா டப்பாக்கள் இந்தக் கூட்டம்தான்.

வேலை இப்படி நடக்கும். முதலில் ஷாம்பு போட்டு அலசிக் காயவைப்பார்கள். வேரிலிருந்து சுமார் 1 செ.மீ. விட்டு முதல் கிரீமைத் தடவுவார்கள். அழுகிய முட்டையும் அம்மோனியாவும் கலந்த ஒரு நாற்றம் வரும், அது கந்தகப் பூட்டைத் திறக்கும் அந்தக் கிரீமின் வாசனை. அடுத்த அரைமணி நேரம்தான் எல்லாம். நல்ல கைக்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓர் இழையை எடுத்து, கிரீமைத் துடைத்து, இழுத்தும் விரலில் சுற்றியும் பார்த்துக்கொண்டே இருப்பார். டைமர் வைத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குப் புருவம் எடுக்கப் போனால், அந்த பார்லருக்கு அடுத்த முறை போகாதீர்கள். பூட்டு திறந்ததும் அலசி, காயவைத்து, மெல்லிய கற்றையாக அயர்ன் போடுவார்கள். பிறகு நியூட்ரலைசர். அது ஹைட்ரஜன் பெராக்சைடு, திறந்த பூட்டை நேரான நிலையிலேயே மறுபடி மூடுகிறது. அலசல், மறுபடி டிரையர். நீள முடிக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

மருந்து பட்ட பாகம் நிரந்தரமாக நேர்தான். வளர்ந்து வரும் வேர் சுருட்டை. இடையில் மனம் மாறினால் சுருளை அழைத்துவர வழியில்லை, வளர்த்து வெட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் ‘ரிலாக்சர்’ என்று டப்பா கிடைக்கும். அதில் சோடியம் ஹைட்ராக்சைடோ கால்சியம் ஹைட்ராக்சைடோ இருக்கும். காரம் மிக அதிகம், தோலைப் பொசுக்கிவிடும். அதைவிடப் பெரிய வம்பு, தயோகிளைக்கோலேட் பட்ட முடியில் ஹைட்ராக்சைடோ, ஹைட்ராக்சைடு பட்ட முடியில் தயோகிளைக்கோலேட்டோ பட்டால் முடி அறுந்து கையோடு வந்துவிடும். வீட்டில் தானாகப் போட்டுக்கொள்ளும் சமாச்சாரமே இல்லை இது.

ஹென்னா போட்டவர்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். கலப்படப் பொடிகளில் உலோக உப்பு இருந்தால் பெராக்சைடு பட்டதும் சூடேறி முடி பொசுங்கும். பின்னந்தலையில் மறைவான இடத்தில் ஒரு சிறு கற்றையில் மட்டும் மருந்தை முழுச் சுற்றும் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் தலை முழுக்கச் செய்யச் சொல்லுங்கள். தலை முழுக்கச் செய்வதற்கு 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவி, தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதும் அப்படியே.

இரண்டாம் குடும்பம்

கெரட்டின், போடாக்ஸ், நானோபிளாஸ்டியா, சிஸ்டைன். ஹேர் போடாக்ஸில் முகத்தில் ஊசி போடும் போடாக்ஸ் துளியும் கிடையாது, பெயர் மட்டும் கடன். ‘முடியில் போன கெரட்டினைத் திரும்ப ஏற்றுகிறோம்’ என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். கெரட்டின் துணுக்குகள் மேலே படிந்து பளபளப்புத் தரலாம். ஆனால் மூன்று நான்கு மாதம் முடியை அடக்கி வைப்பது அதோடு சேர்ந்துவரும் ஆல்டிஹைடோ, அமிலமோதான். தடவி, காயவைத்து, 230 டிகிரியில் அயர்னால் பல முறை இழுத்துப் பதியவைப்பார்கள்.

பழைய வகையில் இருப்பது ஃபார்மால்டிஹைட். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. பின்பக்கத்தில் ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால், மெத்தேன்டையால் என்று மாற்றுப் பெயரிலும் வரும். ‘ஃபார்மால்டிஹைட் இல்லாதது’ என்ற முன்பக்க வாசகத்துக்கு என்ன மதிப்பு என்று 2010இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் தெரிந்தது. அப்படி அச்சிட்டு விற்ற ஒரு பிரேசில் பாணி மருந்தைத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையினர் சோதித்தபோது சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் ஃபார்மால்டிஹைட் இருந்தது.

இந்தப் பேர் கெட்டுப்போனதும் புதிய வகை வந்தது, கிளையாக்சிலிக் அமிலம். இன்று ‘ஃபார்மால்டிஹைட் ஃப்ரீ’ என்று விற்பதில் கணிசமானவை இதுவோ இதன் உறவோதான். 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு சம்பவத்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். 26 வயதுப் பெண். 2020, 2021, 2022 என மூன்று ஆண்டும் முடி நேராக்கிக்கொண்ட அன்றே வாந்தி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முதுகுவலி; மூன்று முறையும் சிறுநீரகம் அடிபட்டிருந்தது. தடவிய கிரீமில் 10 சதவீதம் கிளையாக்சிலிக் அமிலம். அது தோல் வழியே உள்ளே போய் ஆக்சலேட்டாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது என்று எலிகளில் தடவிப் பார்த்துக் காட்டினார்கள். இஸ்ரேலிலும் இதேபோல் பலர் மருத்துவமனைக்கு வந்ததாக அதற்கு முந்தைய ஆண்டே பதிவாகியிருந்தது. அதனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் குடும்பத்தின் பக்கமே போக வேண்டாம். செய்துகொண்ட அன்றோ மறுநாளோ வாந்தியும் முதுகுவலியும் வந்தால், சாப்பாடு சேரவில்லை என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காமல் மருத்துவரிடம் போய், முடிக்கு என்ன போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொரு ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்டது. நேராக்கும் மருந்து பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம் என்றால், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். எந்த மருந்து, எந்தப் பொருள் என்று அதில் பிரித்துப் பார்க்கவில்லை, காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் இல்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, அடிக்கடி செய்துகொள்ளக் கூடாது என்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கெரட்டின் என்ற திட்டமே எனக்குப் பிடிக்காமல் போனது அதனால்தான்.

ஒரு முறை ஒரு பார்லரில் கெரட்டினுக்கு உட்கார்ந்திருக்கிறேன். கிரீம் ஒரு கிண்ணத்தில் வந்தது, டப்பா வரவில்லை. அயர்ன் வைத்ததும் வெங்காயம் நறுக்கியதுபோல் கண்ணில் தண்ணீர். எனக்கு மட்டுமல்ல, செய்துகொண்டிருந்த பெண்ணுக்கும். ஏசி அறை, ஜன்னல் இல்லை.

“உனக்கு எரியலையாம்மா?”

“பழகிடுச்சுக்கா.”

எனக்கு அது மாதத்தில் ஒரு நாள்கூட இல்லை. அவளுக்குத் தினமும்.

அன்றைக்கு நான் பாதியில் எழுந்துவரவில்லை. இப்போதாக இருந்தால் எழுந்திருப்பேன்.

நாற்காலியில் உட்காரும் முன்

கிண்ணத்தில் வரும் எதையும் தலையில் போட விடாதீர்கள். “டப்பாவைக் கொஞ்சம் காட்டும்மா” என்று கேட்டு, பின்பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். சீல் உங்கள் கண் முன்னால் பிரிக்கட்டும். பின்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தால், காலாவதித் தேதி இல்லையென்றால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இருக்கிறதா பாருங்கள். முதல் படியில் எழுதிய தாளைக் கொடுத்து, “இந்த முடிக்கு இது ஒத்துக்குமா” என்று கேளுங்கள். தாளைப் படிக்காமலே “ஒண்ணும் ஆகாதுக்கா” என்றால் ஏதோ ஆகும்.

தலையில் புண், பொடுகுச் சிரங்கு, நேற்று நகத்தால் சொறிந்த காயம் எது இருந்தாலும் தள்ளிப் போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் இப்போதைக்கு வேண்டாம். பத்தாம் வகுப்புப் பெண் கேட்கிறாள் என்று அழைத்துப் போகும் அம்மாக்களுக்கும் என் பதில் அதுவே. அயர்னும் சீரமும் அவளுக்கு இப்போதைக்குப் போதும்.

கல்யாணத்துக்காகச் செய்வதென்றால் குறைந்தது மூன்று வாரம் முன்னால் செய்யுங்கள். முதல் வாரம் முடி தலையோடு ஒட்டிக் கோரைப்புல்போல் கிடக்கும். மல்லிகைப் பூச்சரம்கூட நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

செய்த பிறகு

பார்லரில் சொல்லும் மூன்று நாள் பத்தியம்: தண்ணீர் படக்கூடாது, கட்டக்கூடாது, கிளிப் கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கவும் கூடாது. தயோகிளைக்கோலேட் வகைக்கு நியூட்ரலைசர் அன்றே பூட்டை மூடிவிடுகிறது என்றாலும், புதிதாக மூடிய பூட்டின் மேல் மடிப்பு விழாமல் பார்ப்பது நல்லதுதான். கண்ணாடி போடுபவர்கள் கவனம், பிரேமின் தடம் காதோரத்தில் அப்படியே விழும். பிறகு சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, ஒவ்வொரு குளியலுக்கும் கண்டிஷனர். எண்ணெய் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு வாரம் கழித்து, குளிப்பதற்கு முன் தாராளமாக வைக்கலாம்.

ஆறு மாதத்தில் 6 செ.மீ. சுருட்டை வேர் கீழே வந்திருக்கும். புதியதும் பழையதும் சேரும் இடத்தில்தான் முடி ஒடியும், அந்த இடத்தில் சீப்பை அழுத்தாதீர்கள். அந்த இடைக்காலத்துக்குத் தளர்ந்த பின்னலோ, எண்ணெய் தொட்டு இழுத்துப் போட்ட கொண்டையோ போதும். டச்-அப் போகும்போது வேருக்கு மட்டும் மருந்து. முன்பே நேரான பாகத்தில் கண்டிஷனரைத் தடவி, ஃபாயிலில் சுற்றி ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். ஒரே முடியில் இரண்டாம் முறை மருந்து இறங்கினால் முதல் படியில் பார்த்த அந்தப் பழைய ரப்பர் பேண்ட்தான்.

போனில் எடுத்த டப்பாப் படத்தை அழித்துவிடாதீர்கள். தேதியோடு காலண்டரிலும் மருந்தின் பெயரை ஓரத்தில் குறித்துவையுங்கள். அடுத்த முறைக்குள் பார்லர் மாறியிருக்கலாம், அந்தப் பெண் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். எதன் மேல் எதைப் போடப் போகிறோம் என்று புதியவர் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். அவர் கேட்கவில்லை என்றாலும் காட்டுங்கள்.